முகாமுக்குள் இருப்பவரே ஆலோசகர்: அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர்களும் பாலியல் நலமும்

அமெரிக்கப் பண்ணைகளில் வேலை செய்யும் மெக்சிகோ, குவாத்தமாலா தொழிலாளர்களுக்கு ஆணுறை, பால்வினை நோய், எச்.ஐ.வி. பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி எடுத்துச் சொல்லச் சக தொழிலாளர்களையே பயிற்றுவித்து அனுப்புகிறார்களே, இதில் உண்மையில் பலன் உண்டா, அல்லது மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஆகும் செலவை மிச்சம் பிடிக்கும் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் உண்டு என்பதே என் பதில். ஆனால் அந்தப் பலன் எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பதையும், சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகள் உண்மையில் யாரைப் பற்றியவை என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால், இந்த முறையை அளவுக்கு மீறிப் புகழவோ ஒரேயடியாகத் தள்ளவோ நேர்ந்துவிடும்.

முதலில் இந்தத் தொழிலாளர்கள் யார் என்று பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் துறை பல ஆண்டுகளாக நடத்திவரும் தேசிய வேளாண் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, பயிர் வேலை செய்கிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மெக்சிகோவில் பிறந்தவர்கள். பத்துக்கு நான்கு பேரிடமாவது அங்கே வேலை செய்வதற்கான சட்டப்படியான அனுமதி இல்லை. அந்தக் கணக்கெடுப்பில் சேராத இன்னொரு பிரிவினர், எச்-2ஏ என்னும் தற்காலிக விசாவில் சில மாதங்களுக்கென்று அழைத்துவரப்படுகிறவர்கள். இந்த விசாவுக்காக 2005இல் அனுமதிக்கப்பட்ட வேலையிடங்கள் சுமார் 48,000. 2022இல் அவை 3,70,000ஐத் தாண்டிவிட்டன. விசா இல்லாதவர் ஃபுளோரிடாவில் தக்காளியில் தொடங்கி, ஜார்ஜியாவில் வெங்காயம், வட கரோலினாவில் புகையிலையும் வெள்ளரியும், நியூயார்க்கில் ஆப்பிள் என்று பருவத்தின் பின்னால் போகலாம். விசாவில் வந்தவரோ அழைத்த முதலாளியை விட்டுத் தன் விருப்பம்போல் வேறெங்கும் வேலைக்குப் போக முடியாது; இன்னொரு முதலாளி முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். வேலையை இழந்தால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும் என்பதால், அவர் எதற்கும் வாய் திறக்கத் தயங்குவார்.

இவர்கள் தங்கும் முகாம்களைப் பற்றிச் சொல்லாமல் பாலியல் நலத்தைப் பேச முடியாது. தற்காலிகத் தொழிலாளர் முகாம்களுக்கான அமெரிக்கக் கூட்டரசு விதி, படுக்கையறையில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம், பத்துப் பேருக்கு ஒரு குளியல் குழாய், பதினைந்து பேருக்கு ஒரு கழிப்பிடம் என்று வகுத்திருக்கிறது. விதியை ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றும் முகாமிலும்கூட, ஒரு மனிதன் இன்னொருவர் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேசுவதற்கான இடம் கிடையாது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். வட கரோலினாவின் பல முகாம்களில் இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள். பெரும்பாலோர் மணமானவர்கள், மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். அருகில் நகரம் இல்லை, சொந்த வாகனம் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை முதலாளியின் பேருந்தில் கடைக்குப் போய்ப் பணம் அனுப்பி, மளிகை வாங்கி வருவதுதான் வெளியுலகம். சம்பள நாளை அறிந்து வாகனத்தில் பெண்களை முகாமுக்கே அழைத்துவரும் தரகர்கள் இருப்பதைக் கரோலினாப் பகுதியில் நடந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படி வருகிற இரவில் குடியும் சேர்ந்துகொள்ளும். அந்த வேளையில் ஆணுறை கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பல நேரங்களில் விளைவைத் தீர்மானிக்கிறது. அதன் பாதிப்பு முகாமோடு நிற்பதும் இல்லை. ஊர் திரும்பும் கணவனிடமிருந்து மெக்சிகோ கிராமத்து மனைவிக்கு எச்.ஐ.வி. பரவுவதை அங்குள்ள ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள்; அந்தப் பெண்களைப் பொறுத்தவரை திருமணமே பெரிய ஆபத்துக் காரணி.

மருத்துவமனையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1962இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட புலம்பெயர் தொழிலாளர் நலச் சட்டத்தின் வழியில் வந்த சுகாதார மையங்கள் இன்றும் பண்ணைப் பகுதிகளில் இயங்குகின்றன; வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்குகின்றன. தொழிலாளி அங்கே போகாததற்குக் காரணங்கள் வேறு. மையம் பகலில் திறந்திருக்கிறது, அவர் பகலில் வயலில் இருக்கிறார். ஒரு நாள் வேலையை விட்டால் கூலி போகும். மேஸ்திரியிடம் வாகனம் கேட்டால் எதற்கு என்ற கேள்வி வரும். நம் மலையகத் தோட்டங்களின் கங்காணியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த மேஸ்திரி யார் என்பது உடனே விளங்கும்: ஆள் பிடிப்பவரும், வண்டி ஓட்டுபவரும், கணக்கு வைப்பவரும், கடன் கொடுப்பவரும் அவரே. அவர் முன்னிலையில் எனக்கு அந்தரங்கத்தில் புண் இருக்கிறது என்று யார் சொல்வார்கள்?

இதற்கு மேல் அரசைப் பற்றிய அச்சம் இருக்கிறது, அதற்கு வலுவான வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழையக்கூடாது என்று 1987இல் வந்த தடை 2010 ஜனவரியில்தான் நீங்கியது. அதுவரை, இரத்தம் கொடுத்தால் முடிவு குடியேற்ற அலுவலகத்துக்குப் போகுமோ என்று ஒருவர் சந்தேகித்தால் அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னர் 2019இல், அரசு உதவி பெற்றவர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையை மறுக்கும் விதியை விரிவாக்கியபோது, அந்த விதியில் அடங்காத சேவைகளைக்கூட மக்கள் தவிர்த்தார்கள். 2021இல் அது கைவிடப்பட்டது. அச்சம் அவ்வளவு விரைவாகக் கைவிடப்படவில்லை.

மருத்துவமனைக்குப் போகாதவர் சும்மாவும் இருப்பதில்லை. ஸ்பானிய மொழி பேசும் ஊர்க்கடைகள் சிலவற்றில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் ஊசி மருந்துகளும் கிடைத்து வந்தன. மெக்சிகோவிலேயே 2010 வரை இவற்றைச் சீட்டில்லாமல் வாங்குவது சாதாரணம் என்பதால், இதைத் தவறென்றே யாரும் நினைக்கவில்லை. வைட்டமின் ஊசியும் பென்சிலின் ஊசியும் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வதும், சில இடங்களில் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்வதும் 1990களிலேயே பதிவாகியிருக்கின்றன. சிபிலிஸ் என்னும் பால்வினை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் வரும் புண் வலிப்பதில்லை. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறிவிடும், கிருமி மட்டும் உடலில் தங்கிவிடும். கடையில் வாங்கிய நாலு மாத்திரையைப் போட்டவர் புண் ஆறியதைப் பார்த்து, மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்புகிறார். அடுத்த முகாமில் இன்னொருவருக்கும் அதையே சிபாரிசு செய்கிறார். துண்டுப் பிரசுரத்தால் இந்த நம்பிக்கையை அசைக்க முடியாது. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து வந்தவர் என்றால், அவருடைய தாய்மொழி மிஷ்டெக்காகவோ திரிக்கியாகவோ இருக்கலாம். ஸ்பானிய மொழிப் பிரசுரம் அவருக்கு இரண்டாம் மொழிப் பிரசுரம், அதுவும் படிக்கத் தெரிந்தால்.

இந்த இடத்தில்தான் முகாமிலேயே வசிக்கும் ஆலோசகர் வருகிறார். லத்தீன் அமெரிக்காவில் இவர்களைப் புரொமோதோர், பெண்ணாக இருந்தால் புரொமோதோரா என்பார்கள். நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செவிலியர் பயிற்சி பெற்ற அரசு ஊழியர், புரொமோதோர் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர். பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் மக்கள் கல்விச் சிந்தனையும், ஆரம்ப சுகாதாரத்தில் மக்களின் பங்கை வலியுறுத்திய 1978ஆம் ஆண்டு அல்மா அட்டா பிரகடனமும் இந்த முறைக்கு ஊக்கம் கொடுத்தன. அமெரிக்கப் பண்ணை முகாம்களில் 1980களின் நடுப்பகுதியில் மிச்சிகனில் தொடங்கிய முகாம் சுகாதாரத் துணையாளர் திட்டம் இதற்கு முன்னோடிகளில் ஒன்று. பயிற்சியில் உடற்கூறு, நோய் அறிகுறி, ஆணுறை, பரிசோதனை நிலையங்களின் முகவரி, ரகசியம் காத்தல் எல்லாம் உண்டு. ஆனால் தேர்வுதான் பயிற்சியைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஏற்கெனவே மற்றவர்கள் யோசனை கேட்டு வருகிற, கடிதம் படித்துச் சொல்கிற, சண்டை விலக்கிவிடுகிற ஆள் யார் என்று முகாமில் விசாரித்து அவரைப் பிடிக்க வேண்டும். கையை உயர்த்துகிறவரை எல்லாம் சேர்த்துக்கொண்ட திட்டங்கள் பயிற்சிச் சான்றிதழ் வழங்கும் விழாவோடு முடிந்துவிடுவது வழக்கம்.

அவர் எடுத்த எடுப்பில் ஆணுறையைப் பற்றிப் பேசுவதும் இல்லை. புகையிலை வயலில் பனி ஈரம் காயாத காலையில் இலையைக் கட்டிச் சுமக்கும்போது, நிக்கோட்டின் தோல் வழியே ஏறி, தலைசுற்றலும் வாந்தியும் வரும். பச்சைப் புகையிலை நோய் என்பது அதன் பெயர். மழைச்சட்டை போட்டுக்கொள், ஈரச் சட்டையை உடனே மாற்று என்று சொல்லி அதற்கு உதவியவரிடம்தான், ஒரு மாதம் கழித்துத் துணி துவைக்கும் தொட்டியருகே, என் நண்பன் ஒருவனுக்குச் சிறுநீர் போகும்போது எரிகிறதாம் என்ற பேச்சு வரும். அந்த நண்பன் யார் என்று ஆலோசகர் கேட்பதில்லை. எரிச்சல் என்றால் கொனோரியாவாகவோ கிளமிடியாவாகவோ இருக்கலாம், சிறுநீரைக் கொடுத்தாலே கண்டுபிடித்துவிடலாம், இரண்டுக்கும் சரியான மருந்து உண்டு, வியாழக்கிழமை மாலையில் மையத்தின் வண்டி வருகிறது, உன் நண்பனோடு நானும் வருகிறேன் என்று சொல்லி முடித்துவிடுவார். வட கரோலினாவில் லத்தீன் அமெரிக்க ஆலோசகர்களைப் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு, அவர்களுடைய உதவி பெரும்பாலும் இப்படிப் பேச்சுவாக்கில் நடப்பதையும், கேட்காதவரிடமும் சமயம் பார்த்து ஆணுறைப் பேச்சை அவர்கள் எடுப்பதையும் காட்டியது. வெளியிலிருந்து வரும் கல்வியாளர் ஒரு மணி நேர வகுப்பில் சொல்வதும் இதே செய்திதான். அது கேட்பவருக்குத் தேவைப்படும் நேரத்தில் போய்ச் சேர்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

ஆணுறைச் செய்முறையில் இது தெளிவாகத் தெரியும். மரத்தால் செய்த மாதிரியை மேசையில் வைத்தவுடன் சிரிப்பும் கேலியும் கிளம்பும். வெளியாள் அந்தச் சிரிப்பை அடக்கப் பார்ப்பார், முகாம்வாசி அதிலேயே கலந்துகொண்டு வேலையை முடிப்பார். காலாவதித் தேதியைப் பார், பல்லால் கிழிக்காதே, நுனியில் காற்றில்லாமல் அழுத்திப் பிடி, எண்ணெயோ வாசலினோ தடவாதே, லேடெக்ஸ் கிழிந்துவிடும் என்று ஒவ்வொன்றாகச் செய்யவைப்பார். வெயிலில் நிற்கும் வண்டியின் முன்பெட்டியில் ஆணுறையை வைக்கக்கூடாது என்பதை வண்டியிலேயே பாதி வாழ்க்கை கழிக்கிறவர்களிடம் தவறாமல் சொல்ல வேண்டும். பிறகு பெட்டியைக் குளியலறைக்கு அருகே வைத்துவிட்டுப் போவார். யார் எத்தனை எடுத்தார்கள் என்று எண்ணமாட்டார்.

சான்றுகளுக்கு வருகிறேன். இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ரோட்ஸ் குழுவினர் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மத்திய வட கரோலினாவில் நடத்திய ஓம்ப்ரெஸ் திட்டம். கால்பந்துக் குழுக்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்து, வழிகாட்டி என்ற பொருளில் நவெகாந்தே என்று பெயரிட்டு, 18 மாதங்கள் தங்கள் குழுவினரிடையே வேலை செய்ய வைத்தார்கள். 2009இல் வெளியான முடிவுகளின்படி, முந்தைய 30 நாட்களில் தவறாமல் ஆணுறை பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் திட்டத்தில் இருந்த குழுக்களில் 65.6 சதவீதம், ஒப்பீட்டுக் குழுக்களில் 41.3 சதவீதம், எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர்கள் 64.4க்கு 41.8 சதவீதம். சிறிய வேறுபாடு அல்ல. புரொமோதோராக்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருந்துவந்த துறையில், ஆண்கள் ஆண்களிடம் பேசவும் தயாராக இருக்கிறார்கள், கேட்கவும் தயாராக இருக்கிறார்கள் என்று காட்டியதே இதன் பெரிய பயன் என்பேன். குடும்பத்தைக் காப்பவனே ஆண் என்ற பெருமிதத்தை எதிரியாக்காமல், அந்தக் காப்பாற்றும் கடமைக்குள் ஆணுறையையும் சேர்த்துப் பேசிய விதம் புத்திசாலித்தனமானது.

ஆனால் கவனியுங்கள். கால்பந்துக் குழுவில் வாரந்தோறும் விளையாடுகிறவர் ஓரளவாவது ஊன்றிவிட்டவர். கோழி இறைச்சி ஆலையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்களும் அதில் உண்டு. அவர்களில் சிலர் பண்ணையில் வேலை செய்திருந்தாலும், ஆறு வாரத்தில் அடுத்த மாநிலத்துக்குப் போகிறவரை 18 மாதத் திட்டத்தில் வைத்திருக்க முடியாது. அளக்கப்பட்டதும் அவரவர் சொன்ன வார்த்தைதான். நோய் குறைந்ததா என்று ஆய்வகத்தில் பார்க்கப்படவில்லை. புலம்பெயர் பண்ணைத் தொழிலாளரிடம் இந்த முறை நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று இந்த ஆய்வை வைத்து யாராவது எழுதினால், அது ஆய்வு சொல்லாததை அதன் வாயில் திணிப்பதாகும். பண்ணை முகாம்களுக்குள் நடந்த வேலைகளில் அறிவு கூடியது, பரிசோதனைக்கு வந்தவர் கூடினர் என்ற அளவில் நம்பலாம். அதற்கு மேல் எனக்குத் துணிவில்லை.

பெண்கள் விஷயத்தில் சான்று சற்று உறுதியானது. அண்மைக் கணக்கெடுப்பில் பயிர்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆதரவோடு உருவான அமிகாஸ் திட்டத்தை, டெக்சாஸின் எல் பாசோ, ஹூஸ்டன் நகரங்களிலும், வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் விளையும் யகிமா பள்ளத்தாக்கிலும் சோதித்தார்கள். புரொமோதோரா படப்புத்தகத்தோடும் காணொளியோடும் பெண்ணைத் தனியே சந்தித்துப் பேசினார். அப்படிச் சந்திக்கப்பட்டவர்களில் பாப் சோதனை எனப்படும் அந்தப் பரிசோதனைக்குப் போனவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம். ஆனால் வயலில் மேற்பார்வையாளரின் பாலியல் தொல்லை என்று வந்துவிட்டால் படப்புத்தகம் எதற்கும் உதவாது. இந்தத் தொல்லை எவ்வளவு பரவலானது என்பதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2012இல் விரிவாக எழுதியது. கலிஃபோர்னியாவில் பண்ணைப் பெண்களே 1992இல் தொடங்கிய லீதெரெஸ் காம்பெசினாஸ் அமைப்பு, சக தொழிலாளியே போய்ப் பேசும் அதே முறையைக் குடும்ப வன்முறைக்கும் பணியிடத் தொல்லைக்கும் எதிராகத் திருப்பியது. ஆலோசகருக்குப் பின்னால் வழக்கறிஞரும் அமைப்பும் இருந்தால்தான் அங்கே அவருடைய வார்த்தைக்கு எடை.

குறைகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். அருகில் இருப்பதுதான் ஆலோசகரின் பலம் என்றால், அதுவே சிலருக்கு அவரை அணுக முடியாதவராக்குகிறது. ஆண்களை விரும்பும் ஆண் ஒருவர், தன் ஊர்க்காரரான ஆலோசகரிடம் பேசினால் செய்தி ஓஹாகாவில் தன் தாய்வரை போய்விடும் என்று அஞ்சுகிறார். அவருக்கு முப்பது மைல் தள்ளி இருக்கும் அந்நியச் செவிலியரே மேல். இவர்களுக்கென்று வட கரோலினாவிலேயே தனித் திட்டங்கள் பின்னர் வந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, நீங்கள் கேட்ட செலவு. பத்து மணி நேரம் வயலில் நின்றுவிட்டு வருகிறவரிடம் மாலையில் தொண்டு செய் என்று கேட்பது, அவர் நல்லவர் என்பதால் அவரைச் சுரண்டுவதுதான். பணம் கொடுக்கலாம் என்றாலோ, எச்-2ஏ விசாவில் இருப்பவர் வேறு யாரிடமும் கூலி வாங்கக்கூடாது. அனுமதியில்லாதவரைப் பணியில் அமர்த்தினால் நிறுவனமே சட்டத்தை மீறியதாகும். எனவே திட்டங்கள் பரிசு அட்டை, சாப்பாடு, போக்குவரத்துச் செலவு என்று சுற்றிவளைக்கின்றன. 1999இல் டெக்சாஸ் சமூக சுகாதாரப் பணியாளருக்குச் சான்றளிக்கும் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. அதனால் பலன் பெறுகிறவர்கள் ஆவணம் உள்ளவர்கள், ஊரில் நிலைத்தவர்கள். சான்றிதழ் பெற்ற புரொமோதோரா மெல்ல மருத்துவமனை ஊழியராகி முகாமை விட்டு விலகுவதும் நடக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது.

நடைமுறையில் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது முடிவைச் சேர்ப்பது. எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனையின் முடிவு இருபது நிமிடத்தில், அதே மாலையில் கையில் கிடைத்துவிடும். கிளமிடியாவுக்கான சிறுநீர் ஆய்வகம் போய்த் திரும்பச் சில நாட்கள் ஆகும். அதற்குள் வெள்ளரி அறுவடை முடிந்து ஆள் போய்விடலாம். நாள்பட்ட சிபிலிஸ் என்றால் வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி. முதலாவது ஒரு மாநிலத்திலும் மூன்றாவது வேறொரு மாநிலத்திலும் விழ வேண்டியிருக்கும். புலம்பெயர் நோயாளிகளின் ஆவணத்தை அடுத்த ஊர் மையத்துக்கு, தேவைப்பட்டால் மெக்சிகோவுக்கும், அனுப்பித் தொடர்ந்து தொலைபேசியில் அழைக்கும் வேலையை ஹெல்த் நெட்வொர்க் என்ற பெயரில் மைக்ரன்ட் கிளினிஷியன்ஸ் நெட்வொர்க் என்னும் அமைப்பு செய்துவருகிறது. தொலைபேசி எண் மாறிவிட்டால், அந்த ஆள் யாரோடு எந்த வண்டியில் போனார், அடுத்து எந்த மேஸ்திரியிடம் சேர்வார் என்பது மையத்துக்குத் தெரியாது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்குத் தெரியும். ஆலோசகர் முறைக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் வகுப்புகளின் எண்ணிக்கையைக் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, இப்படி எத்தனை பேருக்கு மூன்றாவது ஊசி போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினால், உங்கள் கேள்விக்கு இதைவிடத் திட்டவட்டமான பதிலை யாராலும் தர முடியும்.